தங்கச்சியின் அம்மா

கார்ட்டூன் தொடரில் வருகிற ஒரு பெண்ணின் அம்மா எந்த நாட்டுக்காரி என்பதற்காக மூன்று வாரம் சரியாகச் சாப்பிடாமல் சண்டை போட்டிருக்கிறேன். எனக்கு அப்போது வயது இருபத்தேழு. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

தொடர் கடலோடிகளைப் பற்றியது. நாயகி சின்ன வயதிலேயே கப்பலில் ஏறிவிட்டவள். அவளுடைய அப்பா வறண்ட சீமையில் ஆடு மேய்க்கிற கூட்டத்து ஆள். அம்மா கடலுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு தீவிலிருந்து வந்தவள். அப்பா கூட்டத்தார் அந்த அம்மாவைத் தீவுக்காரி என்பார்கள், தீவுக்காரர்கள் அவளை ஆட்டுக்காரி என்பார்கள். அம்மா சீக்கிரமே செத்துப்போகிறாள். ஆனால் எத்தனையோ பாகங்கள் ஓடியும் அந்த அம்மாவின் முகத்தை மட்டும் காட்டவே மாட்டார்கள். அடுப்படியில் நிற்கிற முதுகு தெரியும், தலை வாரிவிடுகிற கை தெரியும், அவ்வளவுதான். மிச்சத்தைப் பார்க்கிறவர்கள் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

தமிழ் டப்பிங்கில் அதைப் பார்த்தவர்கள் சேர்ந்து இணையத்தில் ஒரு ரசிகர் குழு வைத்திருந்தோம். நாயகிக்கு நாங்கள் வைத்த பெயர் தங்கச்சி. தங்கச்சிக்குப் பிறந்தநாள் கொண்டாடுவோம், தங்கச்சியைப் படம் வரைந்து போடுவோம், தொடரில் இல்லாத கதைகளை நாங்களே எழுதுவோம். ஒரு வருடம் தங்கச்சி பொங்கல் வைக்கிற மாதிரி படம் போட்டார்கள். மண்பானை, கரும்பு, தாவணி, தலையில் ஒரு முழம் மல்லிகை. அதை நான்தான் வரைந்து கொடுத்தேன், அதனால் அந்தக் கூத்தில் எனக்கும் பங்கு உண்டு.

வரைவது எனக்குத் தொழிலும்கூட. புதுக்கோட்டை டவுனில் ஒரு பிளக்ஸ் கடையில் டிசைனராக இருக்கிறேன். திருக்கோகர்ணத்தில் அறை எடுத்துத் தங்கி, காலையில் டவுன் பஸ் பிடித்துப் போய்வருகிறேன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி. எல்லாவற்றுக்கும் முகம் வேண்டும், எந்த முகமும் வந்தபடி போகாது. கொஞ்சம் கலர் ஏத்துங்க என்பார்கள். பரு எடுக்க வேண்டும், மாப்பிள்ளைக்கு முடி நட வேண்டும், கைலியோடு எடுத்த படத்துக்குக் கோட்டு சூட்டு மாட்ட வேண்டும். ஒரு நாளைக்கு இருபது முகத்தையாவது மாற்றி அனுப்புவேன். அதில் எனக்கு எந்த உறுத்தலும் இருந்ததில்லை.

என் அப்பா ஆவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவர். குவைத்தில் ஒரு வீட்டில் டிரைவராக இருந்தார். அதே வீட்டில் சமையல் வேலை பார்த்தவள் என் அம்மா. பிலிப்பைன்ஸ்காரி. இரண்டு பேரும் லீவு நாளான வெள்ளிக்கிழமையில் பூசைக்கு ஒரே மாதா கோயிலுக்குப் போனார்கள், அப்படிப் பழக்கமாகிக் கல்யாணம் கட்டிக்கொண்டார்கள். வேலை போனதும் அப்பா அவளை ஊருக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். அவள் வீட்டார் அதற்கு முன்பே அவளைத் தலைமுழுகியிருந்தார்கள். அப்பா எழுதிய கடிதங்கள் திரும்பி வந்தன. நான் வளர்ந்தபின் இணையத்தில் தேடிப் பார்த்தேன். அம்மாவின் குடும்பப் பெயரில் அந்த நாட்டில் பாதிப் பேர் இருக்கிறார்கள்.

ஊரில் அவளுக்குப் பெயர் சைனாக்காரி. பிலிப்பைன்ஸ் வேறு, சைனா வேறு என்று அப்பா ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். ஆறேழு வருடத்தில் அவள் தமிழில் ஜெபமாலை சொன்னாள், நாற்று நட்டாள், சண்டையும் போட்டாள். எனக்கு ஒன்பது வயதாகும்போது காய்ச்சல் வந்து ஒரே வாரத்தில் போய்விட்டாள்.

நான் அப்பாவை உரித்து வைத்தாற்போல் இருப்பேன். அதே கறுப்பு, அதே மூக்கு, அதே முட்டைக்கண். என்னைப் பார்த்தால் யாருக்கும் எந்தச் சந்தேகமும் வராது. ஆனால் ஊருக்குத்தான் தெரியுமே. பள்ளிக்கூடத்தில் நான் சைனாக்காரி மகள். பெண் பார்க்க வந்தவர்கள் காபியை வாங்கி வைத்துக்கொண்டு, "அம்மா என்ன ஆளுங்க?" என்று கேட்டார்கள். கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து எத்தனை தலைமுறை ஆனாலும் அந்தக் கேள்வி எங்கள் ஆட்களிடமும் உண்டு. அப்பா என்னைப் பார்த்தார். ஜாதகம் பார்க்காதவர்களாயிற்றே, பொருந்தவில்லை என்று சொல்ல முடியாது, அவர்கள் மூன்றாம் நாள் போன் பண்ணி வேறு ஏதோ காரணம் சொன்னார்கள்.

தங்கச்சியை எனக்கு ஏன் பிடித்தது என்று இனி விளக்க வேண்டியதில்லை. மூன்று வருடம் அந்தக் குழுதான் எனக்கு ஊர். அங்கே யாரும் என்னிடம் அம்மா என்ன ஆளுங்க என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஒரு பொங்கலுக்கு எல்லோரும் செல்பி போட்டபோது நானும் போட்டேன். சேலையில் நல்லா இருக்கீங்க அக்கா என்றார்கள்.

பிறகுதான் அம்மா விவகாரம் கிளம்பியது. தங்கச்சியின் அம்மா தமிழச்சிதான் என்று குழுவில் ஒரு கட்சி உருவாயிற்று. அந்தக் காலத்தில் கப்பலேறிப் போன நம் ஆட்களின் வம்சம், அடுப்படியில் அவள் நிற்கிற நிற்பைப் பாருங்கள், தலை பின்னுகிற விதத்தைப் பாருங்கள் என்று ஆதாரம் காட்டினார்கள். மூக்குத்தி போட்ட அம்மா, குங்குமம் வைத்த அம்மா என்று படங்கள் குவிந்தன. எல்லாம் அழகாகவே இருந்தன. எனக்கு மட்டும் வயிறு எரிந்தது. தீவுக்காரி என்று கதையே சொல்கிறது. கதைக்குள் இரண்டு கூட்டமும் ஒதுக்கியவளை நாமாவது அவள் முகத்தோடு விடக் கூடாதா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நான் அந்த அம்மாவை வரைந்தேன். குட்டையான உடம்பு, அகலமான கன்னம், தட்டை மூக்கு, மடிப்பில்லாத சின்னக் கண். நைட்டி போட்டு, தோளில் துண்டோடு, வினிகர் ஊற்றிக் கறி வேகவைக்கிறாள். எட்டிப் பார்க்கிற மகளிடம் கரண்டியில் எடுத்து நீட்டுகிறாள். தொடரில் அப்படி ஒரு காட்சியே கிடையாது. அது எங்கள் வீட்டு அடுப்படி. வரைந்து முடித்ததும் வெகுநேரம் அழுதேன், பிறகு குழுவில் போட்டேன்.

குழுவின் அட்மின் திருச்சியில் கல்லூரியில் படிக்கிற ஒரு பெண். நல்ல பிள்ளை, என்னிடம் பிரியமாக இருந்தவள். அவள் எழுதினாள்: "அக்கா, படம் சூப்பர். ஆனா தங்கச்சிய ஏன்க்கா நம்மகிட்டேர்ந்து பிடுங்கிக் குடுக்குறீங்க?"

நான் நீளமாகப் பதில் எழுதினேன். இரண்டு பக்கமும் இரத்தம் உள்ளவளை ஒரே பக்கமாக ஆக்குவது அவளைப் பாதி கொல்வது என்று எழுதினேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ஒருவன் 'கலப்பினம்' என்று எழுதினான். அந்தச் சொல்லை எங்கள் ஊரில் மாட்டுக்கும் தென்னங்கன்றுக்கும்தான் சொல்வோம் என்று நான் எரிந்து விழுந்தேன். இப்படியே மூன்று வாரம் போயிற்று. கடையில் ஒரு கல்யாண பேனரில் மாப்பிள்ளை பெயரைத் தப்பாக அடித்து வாங்கிக் கட்டிக்கொண்டதும் அப்போதுதான்.

கனடாவிலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தார். அப்பா தமிழ், அம்மா வேறு நாடு என்று அவரே சொல்லிக்கொண்டார், தன் குடும்பப் படத்தையும் போட்டிருந்தார். இவர் எனக்கு ஆதரவாகப் பேசுவார் என்று நம்பினேன். பேசியது எல்லாமே நான் நினைத்ததுதான், வரிக்கு வரி ஒத்துப்போனேன். கடைசியில் என் பக்கம் திரும்பினார். "ரெண்டு பக்கமும் பொறந்தவங்களோட வலிய நீங்க எடுத்துப் பேசுறது தப்பு. நீங்க முழுத் தமிழ்ப் பொண்ணு. உங்களுக்கு இது வெறும் கதை, எங்களுக்கு வாழ்க்கை."

நானும் அப்படிப் பிறந்தவள்தான், என் அம்மா பிலிப்பைன்ஸ்காரி என்று எழுதினேன். மூன்று வருடத்தில் முதல் தடவை. பிறகு ஒருவர் என் பொங்கல் செல்பியைத் தேடி எடுத்துப் போட்டார். கீழே கனடாக்காரர் ஒற்றைச் சொல் எழுதினார்: "ஆதாரம்?"

முன்பு ஒரு பையன் கேன்சர் என்று பொய் சொல்லிக் குழுவில் எல்லோரையும் அழவைத்துவிட்டு ஓடியிருந்தான். அதிலிருந்து அட்மினுக்கு எதற்கும் ஆதாரம் வேண்டும். அவள் தனியாக எனக்கு எழுதினாள்: "அக்கா, அம்மா போட்டோ ஒண்ணு போட்டுருங்க. எல்லாரும் வாயை மூடிருவாங்க."

அம்மாவின் படம் என்று உலகத்தில் இருந்தது ஒன்றுதான். குவைத் ஆல்பம் புயலடித்த வருடம் கூரை போய் மழையில் ஊறி, பக்கமெல்லாம் ஒட்டி மாவாகிவிட்டது. மிஞ்சியது அப்பா வீட்டுச் சுவரில் பிரேம் போட்டு மாலையோடு தொங்குகிற படம். அம்மா செத்தபோது கண்ணீர் அஞ்சலி பேனர் அடித்த கடையிலேயே அதையும் போட்டுக் கொடுத்தார்கள். நான் ஊருக்குப் போகவில்லை, அப்பாவுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் தன் போனில் எடுத்து அனுப்பினார். பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் படத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் அப்படியே குழுவில் தட்டிவிட்டேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

முதலில் வந்த பதில் ஒரு சின்னப் பெண்ணுடையது. "அக்கா, இவங்க எங்க பெரியம்மா மாதிரியே இருக்காங்க." கேலியே இல்லை, மெய்யாகத்தான் எழுதியிருந்தாள். அதற்குப் பிறகுதான் நான் படத்தைப் பார்த்தேன்.

அரக்குப் பட்டுச்சேலை. நெற்றியில் சின்னப் பொட்டு. சிவந்த முகம். பெரிய, அகன்ற, மை தீட்டினாற்போன்ற கண்கள். எந்தக் கல்யாண வீட்டிலும் பந்தியில் உட்கார்ந்திருக்கக்கூடிய ஒரு தமிழ்ப் பொம்பளை.

தினமும் இருபது முகத்தை மாற்றுகிறவள் நான். வீட்டுச் சுவரில் பதினெட்டு வருடமாகத் தொங்கியதை ஒருநாளும் பார்த்ததில்லை. கும்பிட்டிருக்கிறேன், தூசி தட்டியிருக்கிறேன், அவ்வளவுதான். இப்போது விரலால் பெரிதாக்கினேன். கழுத்துக்குக் கீழே உடம்பு வேறு யாருடையதோ. அது எங்கள் தொழிலில் சகஜம். புருவத்துக்குக் கீழே தோல் நிறம் ஒரு நூல் மாறியது. மூக்கின் நிழல் வலது பக்கம் விழுந்திருந்தது, கண்ணில் தெரிந்த வெளிச்சமும் வலது பக்கமே இருந்தது. இரண்டும் ஒரே பக்கம் இருக்க வழியே இல்லை. அந்தக் கண்கள் வேறு ஒரு படத்திலிருந்து வந்தவை.

குழுவில் அதற்குள் பேச்சு ஏறிவிட்டது. நான் தட்டுத்தடுமாறி எழுதினேன்: இது எடிட் பண்ணிய படம், கண் என் அம்மாவுடையது இல்லை. எனக்கே அது எப்படிக் கேட்டிருக்கும் என்று தெரிந்தது. கனடாக்காரர் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டார். அட்மின் எழுதியதுதான் இன்றுவரை என் நெஞ்சில் கிடக்கிறது. "அக்கா, செத்துப்போன அம்மாவ வெச்சுப் பொய் சொல்லாதீங்க. உங்கள எவ்வளவு மதிச்சேன் தெரியுமா?" அடுத்த நிமிடம் குழு எனக்குத் திறக்கவில்லை.

கடைக்குப் போக மச்சுவாடியில் இறங்க வேண்டியவள் பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டேன்.

அந்தப் படத்தைச் செய்தவரைக் கண்டுபிடிக்கச் சிரமப்படவில்லை. எங்கள் தொழிலில் எல்லோரையும் எல்லோருக்கும் தெரியும். அவர் இப்போது அரிமளத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டுப் போனேன். பழைய ஸ்கேன் எங்காவது இருக்குமா என்று கேட்கத்தான் போனேன். கண்ணைப் பற்றிக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஒங்க அம்மாவா? நல்லா ஞாபகம் இருக்கும்மா. ஒங்க அப்பா ஒரே ஒரு சின்ன போட்டோவத்தான் கொண்டாந்தாரு. பாத்தா, கண்ணு பாதி மூடிக் கெடக்கு. தூங்குற மாதிரி. எறந்தவங்க படத்துல கண்ணு அப்புடி இருக்கக் கூடாதுல்ல. வீட்டுக்கு ஆகாது. நாந்தான் தொறந்து விட்டேன்."

"யாரோட கண்ணுண்ணே அது?"

"அதெங்கிட்டு ஞாபகம் இருக்கு. ஏதாச்சும் கல்யாணப் பொண்ணு படத்துல எடுத்திருப்பேன். ஏம்மா, நல்லாத்தானே வந்துச்சு?"

கண்மூடி எடுத்த படத்தில் கண்ணைத் திறப்பது நானும் செய்வதுதான். கிழவர்கள் எப்போதும் பிளாஷ் அடிக்கும்போது கண்ணை மூடிவிடுவார்கள். துக்க வீட்டில் அதற்காக நம்மைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அவர் என் அம்மாவை முன்பின் பார்த்ததில்லை. அவள் கண்ணே அப்படித்தான் என்று அவருக்கு யார் சொல்வது? அப்பா நிலைகுலைந்து கிடந்தார், நான் ஒன்பது வயதுப் பிள்ளை. ஊர் முக்கத்தில் பேனர் கட்டியபோது அத்தை பார்த்துவிட்டு, "இப்பத்தான் நம்ம வீட்டுப் பொம்பள மாதிரி இருக்கா" என்றது எனக்கு நினைவிருக்கிறது. செத்தால் முகம் மாறிவிடும் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பழைய ஸ்கேன் இல்லை. அந்தக் கம்ப்யூட்டரையே காயலான் கடைக்குப் போட்டு வருடங்கள் ஆகிவிட்டன. அசல் போட்டோவை அப்பா திரும்ப வாங்கவே இல்லை. அந்தக் கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை. டீ வாங்கிக் கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன்.

சரி, கையில் தொழில் இருக்கிறது, நானே சரிசெய்கிறேன் என்று உட்கார்ந்தேன். கடையில் வேலை இல்லாத மத்தியானங்களில் அந்தப் படத்தை எடுப்பேன். சேலையை அழித்தேன், பொட்டை எடுத்தேன், கலரை இறக்கினேன். ஒட்டியிருந்த கண்களை வெட்டி எடுத்தேன். முகத்தில் இரண்டு வெள்ளைக் குழி இருந்தது. இனி அம்மாவின் கண்ணைப் போட வேண்டும்.

போட்டேன். பார்த்தால் அது தங்கச்சியின் கண். அழித்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடியும் அவளேதான், கொஞ்சம் வயதானவள். மூன்று வருடமாக நூற்றுக்கணக்கில் வரைந்த கண், கை தானாக அங்கே போகிறது. அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. அடுப்படிப் படத்தை வரைந்துவிட்டு அவ்வளவு அழுதேனே, அதில் இருக்கிற கண் மட்டும் யாருடையது? அதை எடுத்துத் தங்கச்சியின் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஓரம் சாய்கிற விதம்கூட ஒன்றுதான். எந்த ஊரிலோ உட்கார்ந்திருக்கிற முகம் தெரியாத ஒரு ஆள் வரைந்த கண்ணை என் அம்மாவுக்கு வைத்துவிட்டு, இதுதான் உண்மை என்று மூன்று வாரம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். அம்மாவின் கை நினைவிருக்கிறது. குளித்துவிட்டு வந்தால் அடிக்கிற வாசனை நினைவிருக்கிறது. கண்ணை நினைத்தால் ஒன்றும் வரவில்லை. எவ்வளவு முட்டியும் வரவில்லை.

நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு ஊருக்குப் போனேன். பல தடவை அழித்து வரைந்ததில் ஓரளவு தேறிய ஒன்றைப் பிரிண்ட் போட்டுக் கையில் வைத்திருந்தேன். அப்பா பார்த்தால் சொல்லிவிடுவார் என்ற ஒரு நம்பிக்கைதான் மிச்சம் இருந்தது. அவளோடு பத்து வருடத்துக்கு மேல் வாழ்ந்த மனிதர். இங்கே சரி, இங்கே சரியில்லை என்று அவர் சொல்லச் சொல்ல நான் திருத்திக்கொண்டே போகலாம்.

சாயங்காலம் கல்லறைத் தோட்டத்தில் கூட்டம். அப்பா சுவரிலிருந்த படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து சிலுவையில் சாய்த்து வைத்திருந்தார். அவரே பூப்போட்டு மெழுகுதிரி ஏற்றினார். நான் பிரிண்ட்டை நீட்டினேன். வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"யாரு ஆத்தா இது?"

"அம்மாப்பா."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிரிண்ட்டை என்னிடமே கொடுத்துவிட்டுக் குனிந்து, தோள் துண்டால் பிரேம் கண்ணாடியைத் துடைத்தார்.

"ஒங்க அம்மா அந்தா இருக்காளே. கண்ணப் பாரு, எம்புட்டுப் பெருசுன்னு. குவைத்துல அந்தக் கண்ணப் பாத்துத்தானே நான் மயங்கிக் கெடந்தேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் கண்ணைத்தான் அவர் பதினெட்டு வருடமாகத் தினமும் பார்த்து வந்திருக்கிறார். இல்லை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். சொன்னால் அவரிடமிருந்து அதையும் பிடுங்கிக்கொள்வேன், பதிலுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து எங்கள் கல்லறையை மந்திரிக்க வந்தார். நானும் அப்பாவோடு சேர்ந்து, யாரென்றே தெரியாத அந்தக் கல்யாணப் பெண்ணின் கண்களைப் பார்த்துக் கும்பிட்டேன்.